பிராக் நகரில் மூன்று நாள்: முழங்கால் வலி உள்ள அப்பாவோடும் சைவம் சாப்பிடும் அம்மாவோடும்

செப்டம்பர் தொடக்கத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து மூன்று நாள் செக் நாட்டின் தலைநகரான பிராக் போகிறீர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா முட்டைகூடச் சேர்க்க மாட்டார். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதில் ஏமாறாமல் இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். என் பெற்றோரையும் இரண்டு முறை வரவழைத்துச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். முதல் முறை நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பிராக் கோட்டை மேட்டில் இருக்கிறது. ஏறுவதற்கு டிராம் பிடித்தோம். பார்த்து முடித்த பிறகு, இறங்குவது சுலபம்தானே என்று கிழக்கு வாசல் வழியாகப் பழைய கோட்டைப் படிக்கட்டில் இறங்கினோம். முட்டி தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பது எனக்கு அப்போது தெரியாது. பாதிப் படியிலேயே என் அம்மாவின் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. ராத்திரி முட்டி வீங்கி, மறுநாள் முழுவதும் அறையிலேயே படுத்திருந்தார். வழியெல்லாம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு "ஒண்ணுமில்லடா, மெதுவா வரேன்" என்று அவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

அதனால் உங்கள் திட்டம் முழுவதற்கும் ஒரே விதி: மேட்டுக்கு ஏறவும் டிராம், இறங்கவும் டிராம். நடை எல்லாம் சமதளத்தில். பழைய நகரம், ஆற்றங்கரை, யூதர் பகுதி எல்லாமே தட்டையான தரைதான், ஆனால் கருங்கல் பாவியது. உருண்டையான அந்தக் கற்களைச் செக் மொழியில் 'பூனைத்தலைகள்' என்று சொல்வார்கள். பார்க்க அழகு, காலுக்குக் கஷ்டம். அப்பாவுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள, ஏற்கெனவே பழகிய ஷூ வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

தங்கும் இடத்தைப் பழைய நகர மையத்தில் எடுக்காதீர்கள். ராத்திரி வெகுநேரம் குடித்துவிட்டுக் கத்துகிற கூட்டம் இருக்கும், கற்களில் பெட்டியை இழுத்தால் சக்கரம் போய்விடும், விலையும் அதிகம். நான் சொல்வது வினோஹ்ராதி என்ற பகுதி. நாம்யெஸ்தி மீரு என்ற சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் பாருங்கள். அங்கேயே 22ஆம் எண் டிராம் நிற்கும். தேசிய நாடக அரங்கு, மாலா ஸ்த்ரானா, கோட்டை என்று உங்களுக்கு வேண்டிய பாதி ஊரை அந்த ஒரு டிராமே தொட்டுவிடும். நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டடங்கள் நிறைந்த பகுதி என்பதால், முன்பதிவுக்கு முன்னால் லிஃப்ட் இருக்கிறதா, அது தரைத்தளத்திலிருந்தே புறப்படுகிறதா என்று இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பல கட்டடங்களில் லிஃப்ட்டை அடையவே ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும்.

விமான நிலையத்திலிருந்து 59ஆம் எண் டிராலி பஸ் நாத்ராஷி வெலெஸ்லாவீன் மெட்ரோ நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து பச்சை நிற ஏ லைன் நேராக நாம்யெஸ்தி மீருவில் கொண்டுபோய் விடும். தனியாளாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். ஆனால் நாம்யெஸ்தி மீரு மெட்ரோ நிலையம் தரையிலிருந்து 53 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம், நம் ஊர் எஸ்கலேட்டரைவிட நன்றாகவே வேகம். பெட்டியோடும் பயணக் களைப்போடும் அப்பாவை அதில் ஏற்ற வேண்டாம். முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் மொபைல் ஆப் வழியாக டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெருவில் நிற்கிற டாக்சியைக் கை காட்டி நிறுத்தாதீர்கள்.

டிராம், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்தான். 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று கிடைக்கும். மூன்று நாளுக்கு 72 மணி நேர டிக்கெட் கவலை இல்லாதது. காகித டிக்கெட் என்றால் முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், ஒரே முறை போதும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லை என்று அபராதம் கட்டுகிற சுற்றுலாப் பயணிகளைத் தினமும் பார்த்திருக்கிறேன். சோதனையாளர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள். டிராமுக்குள் இருக்கிற கருவியில் கார்டைத் தொட்டு வாங்கும் டிக்கெட் ஏற்கெனவே முத்திரையிட்டது, அதை மறுபடி குத்த வேண்டியதில்லை. வயதானவர்களுக்குச் சலுகை உண்டு, மெட்ரோ கவுண்டரில் பெற்றோரின் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். சில தடங்களில் உயரமான படி உள்ள பழைய டிராம்கள் இன்னும் ஓடுகின்றன. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில் சக்கர நாற்காலி அடையாளம் போட்ட நேரங்களில் தாழ்தளப் பெட்டி வரும். அப்பாவுக்காக இரண்டு வண்டியை விட்டுவிட்டு அதில் ஏறினாலும் நஷ்டமில்லை.

இப்போது கோட்டை. இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். 22ஆம் எண் டிராமில் பிராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஒரு பள்ளத்தாக்கின் மேலே போகிற பாலத்தைத் தாண்டினால் கோட்டையின் இரண்டாம் முற்றம். கிட்டத்தட்ட சமதளம். கூட்டம் கூட்டமாகக் கீழேயிருந்து ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்க முன்வாசலில் நிற்கும்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கலாம், எட்டே முக்கால் மணிக்குப் போனால் வரிசை சிறியது. வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட், அது இரண்டு நாள் செல்லும். அப்பாவுக்கு வலி வந்தால் மீதியை மறுநாள் பார்க்கலாம்.

உள்ளே முதலில் தூய விட்டஸ் பேராலயம். 1344இல் தொடங்கியது, போரும் பணமுடையும் வந்து நின்று நின்று, 1929இல்தான் முடிந்தது. முதலில் மத்தியாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டினார், அவர் இறந்த பிறகு பீட்டர் பார்லர் என்ற இளைஞர் ஏற்றுக்கொண்டார். வாசலருகே இடப்பக்கச் சன்னல்களில் ஒன்று செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்தது. காலை வெயிலைவிட மதியத்துக்குப் பிறகு வரும் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் தரையெல்லாம் நிறமாகும் என்று ஒருநாள் தற்செயலாகத்தான் கண்டேன். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குத் திட்டமிடாதீர்கள்.

அடுத்து பழைய அரச மாளிகை. 1618இல் பேரரசரின் அதிகாரிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் சன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஐரோப்பாவை முப்பது வருடம் எரித்த போருக்கு அதுதான் தொடக்கம். அந்தச் சன்னலை இந்த மாளிகையில் பார்க்கலாம். வரலாறு பிடித்த அப்பாவாக இருந்தால் இங்கே நின்றுவிடுவார், விட்டுவிடுங்கள். தங்கச் சந்து எனக்குச் சுமார்தான். சின்னச் சின்ன வண்ண வீடுகள், அதில் 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா சில மாதம் எழுதியிருக்கிறார். நெரிசல் தாங்காது. களைப்பாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடலாம். திரும்பும்போது வந்த பாலத்தின் வழியே அதே டிராம் நிறுத்தத்துக்கு வாருங்கள். கிழக்கு வாசல் பக்கம் போகவே வேண்டாம்.

டிராமில் கீழே இறங்கினால் மாலோஸ்த்ரான்ஸ்கா நிறுத்தம். அதை ஒட்டியே வால்டென்ஸ்டைன் தோட்டம் இருக்கிறது. செக் மேலவை இயங்குகிற அரண்மனையின் தோட்டம், கட்டணம் கிடையாது, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும். உட்கார நிறைய பெஞ்சுகள், தட்டையான பாதை, குளம். மயில்கள் சுற்றித் திரியும். என் அம்மா பிராக்கில் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் இதுதான். மதிய ஓய்வுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

சார்லஸ் பாலத்துக்குப் பத்து மணிக்குப் போகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்க்கிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் சூரியன் ஆறே கால் வாக்கில் உதிக்கும். நேர வித்தியாசத்தால் முதல் நாள் எப்படியும் உங்கள் எல்லோருக்கும் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் பாலத்தில் இருந்தால் வ்ல்தாவா ஆற்றின் மேல் மூடுபனி, முப்பது சிலைகள், இரண்டு மூன்று புகைப்படக்காரர்கள், அவ்வளவுதான். 1357இல் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய பாலம், 516 மீட்டர் நீளம். தூய நெபோமுக் சிலையின் அடியில் உள்ள வெண்கலத் தகடுகள் தொட்டுத் தொட்டுப் பளபளப்பாகியிருக்கும். அரசர் நான்காம் வென்செஸ்லாஸ் 1393இல் ஆற்றில் வீசிக் கொல்லச் செய்த பாதிரியார் அவர். சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள், மூலங்களைப் பாதுகாப்பாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

பாலத்திலிருந்து பழைய நகரச் சதுக்கம் மெதுவாக நடந்தால் பதினைந்து நிமிடம். அங்கே ஓர்லோய் என்கிற வானியல் கடிகாரம். காலை 9 மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் சன்னலில் வந்து போகும். அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பலருக்கு ஏமாற்றம். நான் சொல்வது, மணி அடிக்காத நேரத்தில் போய் நிதானமாக முகப்பைப் படியுங்கள். 1410இல் கடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக்காரர் செய்தது. சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் நிற்கின்றன என்பதை அது காட்டும். பன்னிரண்டு ராசிகளும் வட்டத்தில் இருக்கும், உங்கள் அம்மாவே ரிஷபம், சிம்மம், தனுசு என்று அடையாளம் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவையுங்கள். நீங்கள் போகும் வாரத்தில் நம் பஞ்சாங்கப்படி ஆவணி மாதம், சூரியன் சிம்மத்தில் இருக்கும். ஓர்லோய் கன்னி என்று காட்டும். அவர்கள் கணக்கு சாயனம், அதாவது இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து ராசியை எண்ணுவது. நம்முடையது நிராயணம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. என் அம்மா அரை மணி நேரம் அதன் முன்னால் நின்று அப்பாவோடு இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். வெளி வளையத்தில் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுகிற பழைய செக் நேரமும் இருக்கிறது. கடிகாரம் உள்ள நகர மன்றக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. அதனால் உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க அப்பாவுக்கு ஏற்ற இடம் இதுதான். கிளெமென்டினம் கோபுரம் செங்குத்தான படிகள், வேண்டாம்.

யூதர் பகுதியான யோசெஃபோவ் பக்கத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகைகளிலும் மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில்தான் அவர்களுடைய முக்கியப் பண்டிகைகள் வரும், ஆகவே தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட செக் யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. மாடியில் டெரெசின் என்ற நாஜி முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். வண்ணத்துப்பூச்சி, வீடு, அம்மா. அங்கிருந்து வெளியே வந்ததும் உடனே வேறு எங்கும் போகாதீர்கள். ஆற்றங்கரையில் யான் பாலாக் சதுக்கம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், அங்கே உட்காருங்கள்.

அந்தச் சதுக்கத்தில் நிற்பது சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். பல்கலைக்கழகம் 1348இல் நிறுவப்பட்டது. 1968இல் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் யான் பாலாக் இங்கேதான் படித்தார். நமக்கு இந்த ஊரோடு இன்னொரு உறவும் உண்டு. சங்க இலக்கியத்தையும் தமிழ் இலக்கிய வரலாற்றையும் உலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் 1927இல் பிராக்கில் பிறந்தவர். 1968க்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி வெளிநாடுகளில் வாழ்ந்தார். அவருக்குப் பிறகு யாரோஸ்லாவ் வாட்செக் இதே பல்கலைக்கழகத்தில் பல காலம் தமிழ் கற்பித்தார். பலகை எதுவும் தேடிப் போகச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்தபடி இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு ஊர் கொஞ்சம் நெருக்கமாகிவிடும்.

பண விஷயம். இங்கே யூரோ கிடையாது, செக் கொருனா. ஊரில் பெரும்பாலான இடங்களில் கார்டு போதும். ரொக்கம் சிறிதளவு வேண்டும், முக்கியமாகக் கழிப்பறைக்குச் சில்லறை. வங்கியின் ஏடிஎம்மில் மட்டும் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் கடை ஓரமாகத் தனியாக நிற்கிற இயந்திரங்களின் விகிதம் மோசம். எந்த இயந்திரமானாலும், ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்கும். வேண்டாம், கொருனாவிலேயே போடு என்று அழுத்துங்கள். இந்த ஒரு பொத்தானில் பலர் நல்ல தொகையை இழக்கிறார்கள். நான் வந்த முதல் வாரத்தில் ஒரு பணமாற்றுக் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பி நூறு யூரோவை நீட்டினேன். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது. பலகையில் போட்டிருந்தது அவர்கள் விற்கிற விலை, வாங்குகிற விலை அல்ல. இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 2019 ஏப்ரலிலிருந்து, 1,000 யூரோவுக்கு உட்பட்ட பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். தெருவில் ஒருவர் வந்து நல்ல விகிதம் தருகிறேன் என்றால் நிற்காமல் நடங்கள். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு நாட்டின் செல்லாத நோட்டு.

அம்மாவின் சாப்பாட்டுக்கு நேர்மையாகச் சொல்கிறேன், செக் சமையலில் அவருக்கு அதிகம் கிடைக்காது. சைவம் என்று காட்டுகிற பதார்த்தங்களில்கூட முட்டை இருக்கும். வறுத்த சீஸ் முட்டையில் தோய்த்தது, உருளைக்கிழங்கு அடையான பிராம்போராக்கில் முட்டை சேரும், சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள், பழக் கொழுக்கட்டை மாவிலும் பெரும்பாலும் முட்டை. சூப் இறைச்சிச் சாற்றில் செய்தது. அதனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்பாமல் 'வீகன்' (பால், முட்டைகூடச் சேராதது) என்று தேடுங்கள். பிராக்கில் வீகன் உணவகங்கள் ஏராளம், வினோஹ்ராதி பக்கமும் உண்டு. தட்டில் எடுத்ததை எடை போட்டுப் பணம் வாங்குகிற வட இந்தியச் சைவக் கடைகளும் மையத்தில் இருக்கின்றன. அப்புறம், சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சூப்பர் மார்க்கெட்டில் அரிசி கிடைக்கும். 'பீலி யோகுர்ட்' என்பது சர்க்கரை போடாத தயிர். சில வகைகளில் ஜெலட்டின் சேர்ப்பார்கள், டப்பாவில் 'ஜெலட்டினா' என்று இருக்கிறதா பாருங்கள். 'போத்மாஸ்லீ' என்று கேட்டால் மோர், சத்தியமாக நம்ம ஊர் மோர் மாதிரியே. ஒரு சின்ன பாட்டில் ஊறுகாய் பெட்டியில் எடுத்துப் போனால் தயிர்சாதம் தயார். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சுருட்டிச் சுட்டு விற்கும் இனிப்பான ட்ர்டெல்னீக்கைப் பழைய செக் பலகாரம் என்பார்கள், அது பிராக்கின் மரபல்ல.

மூன்றாம் நாள் செஸ்கி க்ரும்லோவுக்கோ வேறு ஊருக்கோ ஓடாதீர்கள். போக மூன்று மணி, வர மூன்று மணி, அப்பாவுக்குத் தண்டனை. அதற்குப் பதில் விஷெஹ்ராட். மெட்ரோ சி லைனில் அதே பெயருள்ள நிலையம், அங்கிருந்து பெரிய ஏற்றம் இல்லாமல் கோட்டைக்குள் நடந்துவிடலாம். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெட்டனா, ஓவியர் முகா, 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த எழுத்தாளர் காரெல் சாபெக் எல்லோரும் அடக்கம். மதில் மேலிருந்து ஆறு வளைந்து போவதைப் பார்க்கலாம். அங்கே உள்ளூர்க்காரர்கள் நாயோடும் குழந்தையோடும் நடந்துகொண்டிருப்பார்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பெற்றோருக்குத் துபாய் அல்லது தோஹா வழியே ஒரே மாற்றத்தில் பிராக் இறங்குகிற விமானத்தை எடுங்கள். ஜெர்மனி வழியே போனால் ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். இப்போது விரல்ரேகை, புகைப்படப் பதிவும் சேர்ந்திருப்பதால் அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டி வரலாம். டிக்கெட் போடும்போதே அப்பாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். செப்டம்பரில் பகல் இதமாக இருக்கும், காலையில் பாலத்துக்குப் போக ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும். ஒருவேளை தேதி மாறி மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனால், 28ஆம் தேதி அரசு விடுமுறை, பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். அரிசியும் தயிரும் முந்தின நாளே வாங்கி வையுங்கள்.